கிராம அஞ்சல் ஊழியர் வேலையும் டார்கெட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2008-ல் மெயில் கேரியராகச் சேர்ந்தேன். சப் ஆபீஸிலிருந்து பையை வாங்கிக்கொண்டு சைக்கிளில் எங்கள் கிளை அஞ்சலகத்துக்குக் கொண்டுவருவதுதான் அப்போது என் வேலை. இன்று அதே வேலைக்குப் பெயர் மாறியிருக்கிறது, பையும் மாறியிருக்கிறது. விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகளும், சேர்ந்து ஆறு மாதத்தில் தூக்கம் கெட்டுப் போனவர்களும், அவர்கள் வீட்டாரும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஜி.டி.எஸ். என்றால் அரசு ஊழியரா, இல்லையா?

இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஆள். கிராம டாக் சேவக் என்பதன் சுருக்கம்தான் ஜி.டி.எஸ். பழைய ஆட்கள் இன்னும் 'இ.டி.' என்றுதான் சொல்வார்கள். துறைக்கு வெளியே உள்ள ஏஜென்ட் என்ற பொருளில் வைத்த பெயர் அது. கடை வைத்திருப்பவர், பள்ளி ஆசிரியர் என வேறு பிழைப்பு உள்ள ஒருவர் ஊருக்காக இரண்டு மூன்று மணி நேரம் தபாலையும் பார்த்துக்கொள்வார் என்பது வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. அந்த நினைப்பு இன்றும் விதியில் இருக்கிறது: உங்களுக்கு வேறு வருமானம் இருக்க வேண்டும், இதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சேர்கிறோம்.

ஆனால் 1977-ல் உச்ச நீதிமன்றம் ராஜம்மா வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. இ.டி. ஊழியர்கள் வகிப்பது சிவில் பதவிதான், அரசியல் சாசனத்தின் 311-வது பிரிவு தரும் பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு என்றது. நாடு முழுக்க ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் இருக்கிறோம். இந்தத் தீர்ப்பை எங்களில் பாதிப் பேருக்கு மேல் கேள்விப்பட்டதே இல்லை என்றுதான் தோன்றுகிறது. தெரிந்திருந்தால் பல இரவுகள் நிம்மதியாகக் கழிந்திருக்கும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பகுதி நேரம் என்கிறார்களே, உண்மையில் எத்தனை மணி நேரம்?

காகிதத்தில் 4 மணி அல்லது 5 மணி. 5-க்கு மேல் கிடையாது.

நடப்பைச் சொல்கிறேன். காலையில் பை வர வேண்டும். பஸ் தாமதமானால் பையும் தாமதம், என் நாளும் தாமதம். பை வந்ததும் முத்திரையைப் பார்த்து, உள்ளே இருப்பதைச் சீட்டோடு ஒத்துப் பார்த்து, ஸ்பீட் போஸ்ட் தபால்களைத் தனியாக எடுத்து, துறை கொடுத்திருக்கும் கைக்கருவியில் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். என் பீட்டில், அதாவது நான் தபால் கொடுக்கும் பகுதியில், ஊர், காலனி, சாளைகள் என்கிற தோட்டத்து வீடுகள் எல்லாம் சேர்ந்து ஒரு சுற்று வந்தால் 20 கிலோமீட்டர் பக்கம் ஆகும். சாளை ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் தென்னந்தோப்பும் நாயும்தான். திரும்பி வந்து கணக்கு முடித்து, பை கட்டி அனுப்ப வேண்டும். அதுவரைக்கும் 5 மணி நேரத்தில் முடித்துவிடலாம். நிஜமாகவே முடியும்.

முடியாதது அதற்குப் பிறகு வருவது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் தோட்ட வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்புவார்கள். கணக்கு தொடங்குவது, பாலிசி பேசுவது, பிரீமியம் வாங்குவது எல்லாம் அப்போதுதான் நடக்கும். அந்த நேரம் எந்தக் கணக்கிலும் வராது. டார்கெட் இருக்கும் மாதத்தில் ஏழு எட்டு மணி நேரம் ஓடிவிடும். அதனால் 'மீதி நேரத்தில் வேறு தொழில் பார்க்கலாம்' என்று நினைத்து வருபவர்கள் கொஞ்சம் யோசித்து வரவும்.

சம்பளம் எவ்வளவு?

இதைச் சம்பளம் என்றுகூட எழுத மாட்டார்கள், டி.ஆர்.சி.ஏ. என்பார்கள், வேலை நேரத்தை வைத்துத் தரும் படி என்று பொருள். எங்கள் சம்பளத்தை ஆராய அரசு அமைத்த கமலேஷ் சந்திரா குழு 2016-ல் கொடுத்த அறிக்கையின்படி 2018 ஜூலை 1 முதல் அமலான அடிப்படைத் தொகை இது: கிளை போஸ்ட்மாஸ்டருக்கு 4 மணி நேரத்துக்கு 12,000, 5 மணி நேரத்துக்கு 14,500. உதவி கிளை போஸ்ட்மாஸ்டருக்கும் டாக் சேவக்குக்கும் 4 மணி நேரத்துக்கு 10,000, 5 மணி நேரத்துக்கு 12,000. இதன் மேல் மத்திய அரசு ஊழியர்களுக்கு உள்ள விகிதத்தில் அகவிலைப்படி உண்டு. வருடத்துக்கு 3 சதவீதம் உயர்வு. கமிஷன், ஊக்கத்தொகை தனி.

தபால் கொடுக்கிற ஆளுக்கு டார்கெட் எதற்கு?

இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். கோபமாகக் கேட்கிறார்கள். காரணத்தைப் புரிந்துகொண்டால் கோபம் போகாது, ஆனால் யார் மேல் கோபப்பட வேண்டும் என்பது தெளிவாகும்.

கடிதம் குறைந்துவிட்டது. தந்தி 2013 ஜூலையில் நின்றே போனது. மாதா மாதம் முதியோர் பென்ஷனை மணியார்டராகக் கொண்டுபோய் எண்ணிக் கொடுத்த காலம் இருந்தது. இப்போது பணம் நேராகக் கணக்குக்குப் போகிறது. ஆனாலும் நாட்டில் உள்ள சுமார் 1,64,000 அஞ்சலகங்களில் பத்தில் ஒன்பது கிராமத்தில்தான் இருக்கின்றன. ஒரு கிராமத்துக் கிளை அஞ்சலகம் தபால்தலை விற்று அதன் செலவை எடுக்க முடியாது. சேமிப்புக் கணக்குகளை நடத்துவதற்காக நிதி அமைச்சகம் அஞ்சல் துறைக்குக் கணக்கின் எண்ணிக்கையை வைத்துப் பணம் தருகிறது. இன்சூரன்ஸில் பிரீமியம் வருகிறது. ஆக, கணக்கும் பாலிசியும் எண்ணிக்கையாக ஏறினால்தான் துறையின் வருமானம் ஏறும். அந்தக் கணக்கு மேலிருந்து வட்டம், மண்டலம், கோட்டம், உபகோட்டம் என்று பிரிந்து பிரிந்து இறங்கி, கடைசியில் 'உங்கள் ஆபீஸுக்கு இந்த மாதம் 20 கணக்கு, இரண்டு லட்சத்துக்கு பாலிசி' என்று என் போனுக்கு வந்து நிற்கிறது.

எதற்கெல்லாம் டார்கெட் என்றால்: ஆர்.டி. (மாதாமாதம் தவணை கட்டும் சேமிப்பு), சேமிப்புக் கணக்கு, பெண் பிள்ளைகளுக்கான செல்வமகள், கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடு, 2018 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய அஞ்சலக வங்கியின் கணக்கு, விபத்துக் காப்பீடு. நடுவில் மேளா, லாகின் டே. லாகின் டே என்றால் அன்றைக்கு மட்டும் இத்தனை கணக்கு ஏற்றியே ஆக வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தத் திட்டங்கள் மோசமானவை அல்ல. செல்வமகள் கணக்கு 2015-ல் வந்தபோது எங்கள் ஊரில் நூல் மில்லுக்குப் போகும் ஒரு தாய் தன் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் கணக்கு தொடங்கினார். இன்றுவரை ஒரு வருடம்கூட விட்டதில்லை. கிராமிய காப்பீடு 1995 முதல் இருக்கிறது. வேறு எந்த ஏஜென்டும் எட்டிப் பார்க்காத குடும்பங்களுக்கு அது போய்ச் சேர்ந்திருக்கிறது. திட்டம் நல்லது, ஆனால் ஒரே ஊரில், ஒரே ஐந்நூறு வீட்டில், மாதா மாதம் புதிதாக 20 பேர் எங்கிருந்து வருவார்கள்? குறை அங்கேதான். ஊர் எத்தனை வீடு, அதில் எத்தனை பேருக்கு ஏற்கெனவே கணக்கு இருக்கிறது என்று பார்த்து நிர்ணயிக்கப்படும் டார்கெட்டை நான் பார்த்ததில்லை.

டார்கெட் முடிக்கவில்லை என்றால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்களா?

டார்கெட் குறைந்தது என்று ஒருவரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்ப முடியாது. நீக்கம் என்றால் எழுத்தில் குற்றச்சாட்டு வேண்டும், விசாரணை வேண்டும், உங்கள் பதிலைக் கேட்க வேண்டும். மேலே சொன்ன ராஜம்மா வழக்கின் சாரமே அதுதான். ஜி.டி.எஸ். நடத்தை விதிகளிலும் அந்த நடைமுறை இருக்கிறது.

'புட் ஆஃப்' என்ற சொல்லைக் கேட்டாலே எல்லாருக்கும் வயிறு கலங்கும். விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து ஒதுக்கி வைப்பது அது. அந்தக் காலத்தில் டி.ஆர்.சி.ஏ.-வில் ஒரு பகுதிதான் கையில் வரும். நான் அறிந்த வரையில் புட் ஆஃப் ஆனவர்கள் பணக் கையாடலில், பாஸ்புக்கில் பதியாமல் வாங்கிய தொகையில், கொடுக்காத தபாலைக் கொடுத்ததாகப் பதிந்ததில் சிக்கியவர்கள். பாலிசி பிடிக்காததற்காக மட்டும் புட் ஆஃப் ஆனவரை நான் கண்டதில்லை.

பிறகு ஏன் பயம் என்றால், பயமுறுத்த வேறு வழிகள் இருக்கின்றன. லீவு கேட்டால் தள்ளிப் போடுவது, தூரத்து ஆபீஸில் போய்ப் பார்க்கச் சொல்வது, திடீரென்று ஆய்வுக்கு வருவது. இவையெல்லாம் எழுத்தில் வராது. அதனால்தான் நம் பக்கத்தை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

வாட்ஸ்அப் குழுவில் பெயர் போட்டுத் திட்டுகிறார்கள். என்ன செய்வது?

'ஜீரோ பெர்ஃபார்மர்ஸ்' என்று தலைப்புப் போட்டு ஆபீஸ் பெயர்களை வரிசையாகப் போடுவார்கள். பக்கத்து ஊர் ஆட்கள் எல்லாரும் பார்ப்பார்கள். முதல் தடவை என் ஆபீஸ் பெயர் வந்தபோது நான் சாப்பிடவில்லை. இரண்டாம் தடவை மகள் போனை வாங்கிப் படித்துவிட்டாள். அதுதான் அதிகம் வலித்தது.

குழுவில் பதில் போடாதீர்கள். கோபத்தில் தட்டிய ஒரு வரி, பிறகு உங்களுக்கு எதிரான காகிதமாகிவிடும். செய்தியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு நோட்டில் அந்த மாதம் எந்தெந்த வீட்டுக்குப் போனீர்கள், யார் என்ன சொன்னார்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். 'அக்கா மகன் திருப்பூரில், பொங்கலுக்கு வருவான், அப்போது பேசலாம்' என்ற அளவுக்கு எழுதினால் போதும். விளக்கம் கேட்டு எழுத்தில் வந்தால் அந்த நோட்டுதான் உங்கள் பதில். 'முயற்சி செய்தேன்' என்று எழுதுவதைவிட '41 வீடுகளுக்குப் போனேன், 33 பேருக்கு ஏற்கெனவே கணக்கு உள்ளது, 3 பேர் தொடங்கினார்கள்' என்று எழுதினால் படிப்பவருக்கு மேற்கொண்டு கேட்க ஒன்றும் இருக்காது.

சங்கத்தில் இருங்கள். எந்தச் சங்கம் என்பது உங்கள் விருப்பம். 2018 மே 22 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் இரண்டு வாரத்துக்கு மேல் நடந்த பிறகுதான் கமலேஷ் சந்திரா அறிக்கை அமலுக்கு வந்தது. 2023 டிசம்பரில் மறுபடி வேலைநிறுத்தம் செய்தபோது எட்டு மணி நேர வேலை, பென்ஷன் ஆகியவற்றோடு, டார்கெட் பெயரில் நடக்கும் நெருக்கடியை நிறுத்த வேண்டும் என்பதும் கோரிக்கையில் இருந்தது.

கையிலிருந்து பணம் போட்டு டார்கெட்டை முடித்துவிடலாமா?

கூடாது. இதை எழுதுவதற்காகவே மற்ற எல்லாக் கேள்விகளையும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

நான் செய்திருக்கிறேன். 2021 மார்ச். வருடக் கடைசி, தினமும் போன். ஊரில் தெரிந்த பன்னிரண்டு பேரிடம் ஆதார் நகல் வாங்கி, 'நீங்கள் ஒன்றும் கட்ட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லி, ஆளுக்கு 100 ரூபாய் வீதம் பன்னிரண்டு ஆர்.டி. தொடங்கினேன். மாதம் 1,200 ரூபாய். முதல் மாதம் பெரிதாகத் தெரியவில்லை. மூன்றாம் மாதம் மனைவி, 'பால் காசு குடுக்கறதுக்குக் கூட இல்லீங்களே, எங்க போகுது?' என்று கேட்டாள். சொல்ல முடியவில்லை. ஏழாம் மாதம் நிறுத்திவிட்டேன். ஆர்.டி.யில் நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுபோகும். பிறகு இரண்டு மாதத்துக்குள் நிலுவையைக் கட்டி உயிர்ப்பிக்கலாம், என்னால் முடியவில்லை. முன்கூட்டி முடிக்க வேண்டுமென்றாலும் மூன்று வருடம் ஆக வேண்டும். ஆறு மாதம் கட்டிய 7,200 ரூபாய் அப்படியே உள்ளே கிடந்தது, அதுவும் என் பெயரில் இல்லை, பன்னிரண்டு பேர் பெயரில். கடைசியில் அதில் ஒன்பது பேர் நேர்மையாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து வேறு. நின்றுபோன கணக்குகள் பட்டியலில் என் ஆபீஸ் மேலே வந்தது. அடுத்த வருட டார்கெட்டை, 'போன மார்ச்சில் 12 பிடித்தவர்தானே' என்று கூட்டி வைத்தார்கள். இன்னொருவருடைய கணக்கை நாமே கட்டிக்கொண்டிருந்தால் பாஸ்புக் யார் கையில், கையெழுத்து யார் போட்டது என்று கேள்வி வரும். அங்கிருந்து கையாடல் குற்றச்சாட்டுக்கு அதிக தூரம் இல்லை. இந்த வீட்டுப் பணத்தை அந்த வீட்டுக்குப் போட்டு அடுத்த வாரம் சரிக்கட்டலாம் என்று தொடங்கி வேலையையும் மரியாதையையும் இழந்தவர்கள் உண்டு. ஐந்து ரூபாய் வாங்கினாலும் அன்றே கருவியில் ஏற்றி, ரசீதைக் கையில் கொடுத்துவிட்டுத் திண்ணையை விட்டு இறங்குங்கள்.

யாரிடம் பாலிசி பேசலாம், யாரிடம் பேசக் கூடாது?

பேச வேண்டியவர்: மாத வருமானம் நிற்காமல் வருகிற, சின்னப் பிள்ளைகள் உள்ள, இதுவரை எந்தக் காப்பீடும் இல்லாத ஆள். டிராக்டர் ஓட்டுபவர், மில் தொழிலாளி, அங்கன்வாடி உதவியாளர், டெய்லர்.

பேசக் கூடாதவர்: 'உனக்காகப் போடறேன் தம்பி' என்பவர். எனக்காக ஓர் ஆடு வளர்க்கும் அம்மா போட்டார். நாலு மாதம் கட்டினார். கோடையில் இரண்டு ஆடு செத்தது, அத்தோடு நின்றது. மூன்று வருடம் கட்டாத பாலிசியைச் சரண்டர் செய்து பணம் வாங்க முடியாது என்று அவருக்கு நான் அன்றைக்குச் சொல்லவில்லை. அவர் இன்றும் என்னைப் பார்த்தால் மோர் கொடுக்கிறார். எனக்குத்தான் டம்ளரை வாங்கும்போது கை தயங்குகிறது.

அதனால் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். படிவத்தை எடுப்பதற்கு முன்பே, 'இடையில் நின்றால் என்ன ஆகும்' என்பதைச் சொல்லிவிடுவேன். பத்தில் நான்கு பேர் அங்கேயே வேண்டாம் என்பார்கள். மீதி ஆறு பேர் கடைசிவரை கட்டுகிறார்கள்.

'இன்று வந்தது இன்றே டெலிவரி' என்று நெருக்குகிறார்கள். ஆள் இல்லாவிட்டால்?

ஆள் இல்லை என்றால் இல்லை என்றே பதியுங்கள், அறிவிப்புச் சீட்டு வைத்துவிட்டு வாருங்கள். சதவீதம் குறைகிறதே என்று கொடுக்காததைக் கொடுத்ததாகப் பதிவதும், போகாமலேயே 'கதவு பூட்டு' என்று போடுவதும் ஒரே தப்புதான். பையில் இருப்பது கவுன்சலிங் கடிதமாக இருக்கலாம், கோர்ட் நோட்டீஸாக இருக்கலாம், ஏ.டி.எம். கார்டாக இருக்கலாம். 2025 ஆகஸ்டில் புதிய மென்பொருள் நாடு முழுக்க வந்த பிறகு எல்லாம் நேரத்தோடு பதிவாகிறது. புகார் வந்தால் அந்த நேரமே உங்களைக் காட்டிக்கொடுக்கும், உண்மையாகப் பதிந்திருந்தால் அதே நேரம் உங்களைக் காப்பாற்றும்.

லீவு உண்டா?

ஆறு மாதத்துக்கு 10 நாள் வீதம் வருடத்துக்கு 20 நாள் சம்பளத்தோடு லீவு. 2018 முதல் 5 நாள் அவசர லீவும், பெண்களுக்கு 180 நாள் மகப்பேறு விடுப்பும் உண்டு. சிக்கல் என்னவென்றால், நீங்கள் லீவில் போனால் வேலையைப் பார்க்க ஆள் வேண்டும். அந்த சப்ஸ்டிட்யூட்டை நீங்களே தேடி நிறுத்தும் வழக்கம்தான் பல இடங்களில். அவர் செய்யும் தவறு உங்கள் தலையில் விழும். அதனால் அவசரத்துக்கு யாரையோ பிடிக்காதீர்கள். நம்பகமான ஒருவரை முன்கூட்டியே பழக்கி வையுங்கள்.

பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா?

தாராளமாக. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத் தேர்வு என்பதால் நிறையப் பெண்கள் வருகிறார்கள். வெளியூர்களில் தனியாக அறை எடுத்துத் தங்கும் 20 வயதுப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். சாயங்கால வசூலுக்குத் தெரியாத தோட்டங்களுக்குத் தனியாகப் போகச் சொன்னால் மறுக்க உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு. 5 மணி நேர வேலைக்கு இருட்டில் போக வேண்டிய கட்டாயம் இல்லை.

இதிலிருந்து மேலே போக வழி?

உண்டு. எம்.டி.எஸ். (பல்பணி ஊழியர்), போஸ்ட்மேன், போஸ்டல் அசிஸ்டென்ட் பணிகளுக்கு ஜி.டி.எஸ். எழுதும் துறைத் தேர்வுகள் இருக்கின்றன. சின்ன வயதில் சேர்ந்தவர்கள் முதல் நாளிலிருந்தே படியுங்கள். சாயங்காலம் முழுவதையும் டார்கெட்டுக்குக் கொடுத்துவிட்டால் படிக்க நேரம் இருக்காது. வாரத்தில் இரண்டு சாயங்காலம் உங்களுடையது என்று ஒதுக்கிவிடுங்கள்.

மேலே போகாமல் இருந்துவிட்டால், 65 வயது வரை வேலை. பென்ஷன் கிடையாது. கருணைத் தொகையாக ஒரு கிராஜுவிட்டி (2018 உத்தரவில் அதன் உச்சவரம்பு 1.5 லட்சம்), 2011-ல் தொடங்கிய பங்களிப்பு நிதி, குழுக் காப்பீடு. 40 வருடம் பை தூக்கியவருக்கு இது போதாது என்பது என் எண்ணம், அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

போன வாரம்தான் சேர்ந்தேன். முதல் மாதம் என்ன செய்ய வேண்டும்?

டார்கெட்டை மறந்துவிட்டு பீட்டை நடந்தே சுற்றுங்கள். ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள், அவர்கள் அப்பா பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் யார் பகலில் இருப்பார், பெரியவர்களில் யாருக்குக் காது கேட்காது, யாருக்கு ரேகை விழாது என்று தெரிந்துகொள்ளுங்கள். களை எடுத்துத் தேய்ந்த விரலைக் கருவி ஏற்காது. பாட்டிமார் பயந்துபோவார்கள், பணம் போய்விட்டது என்று நினைப்பார்கள். அவசரப்படாமல் கையைக் கழுவித் துடைக்கச் சொல்லி, கட்டைவிரலை விட்டு மோதிர விரலை வைத்துப் பாருங்கள். என் பீட்டில் நான்கைந்து பேருக்கு மோதிர விரல்தான் விழும். அது யார் யாருக்கு என்று என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.